ரித்து பழகட்டும் என்று போன இடங்கள்

டிசம்பர் 24, புதன்

பனி. எதிர்வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. கோலம் போட்டு முடிப்பதற்குள் விரல் விறைத்துவிட்டது. பூசணிப்பூ வைக்கிறேன் என்று வந்த ரித்து நடுக்கோலத்தை மிதித்தாள். திட்டவில்லை. இந்த வாரம் திட்டுவதாக இல்லை.

தைக்க வேண்டியவை: ஆரணிக்காரம்மா பிளவுஸ் (கொக்கி மட்டும் பாக்கி). டீச்சர் பிளவுஸ். கல்யாணப் பெண்ணின் ஆரி வேலை. தை முகூர்த்தம், தை முகூர்த்தம் என்று எல்லாரும் உயிரை எடுக்கிறார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து அண்ணன் போன். முடிவாகிவிட்டது. ரித்துவின் அப்பாவைப் பெற்றவர்கள் நாளைக்கு ஓசூரிலிருந்து வருகிறார்கள். திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரேயடியாக.

"பெத்த அப்பன் இருக்கும்போது நாம எப்படிம்மா வச்சிக்கினு இருக்க முடியும்? அவன் வேற கல்யாணம் பண்ணிக்கினான். குடும்பம்னு ஒண்ணு ஆயிடுச்சு. கேக்குறான், குடுத்துதான் ஆவணும்."

"இத்தினி வருஷமா கேக்கலியே அண்ணா."

"அதெல்லாம் இப்ப பேசாத செல்வி. ரெண்டு மூணு நாள் ஊரைச் சுத்திக் காட்டு. கோயிலு, ஏரி, பறவை, எதுனா. புள்ளை அவங்களோட பழகட்டும். அழாம போவும்."

அழாமல் போகுமாம். நான் என்ன ஆவேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் தங்கை கலா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. அப்போது அவள் பெண் ரித்துவுக்கு ரெண்டு வயசு. தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அஞ்சு வயசு. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அம்மா அப்பா இல்லை. இந்த செவிலிமேட்டு வீடு, மிஷின், இவள். இவள் போனால் மிஷின்தான்.

ராத்திரிச் சமையல் முடித்துவிட்டு யோசித்தேன். எதற்கு நல்ல இடமாகக் காட்ட வேண்டும்? குழந்தைக்குப் பிடிக்காத இடம், கால் வலிக்கிற இடம், கல்வெட்டு உள்ள இடம். அவளே "வீட்டுக்குப் போலாம் பெரிம்மா" என்று என் முந்தானையைப் பிடிக்கிற மாதிரி. வரதர் கோயில். உத்திரமேரூர். திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயில், அதுவும் உச்சி வெயிலில். கைலாசநாதர் மட்டும் வேண்டாம்.

டிசம்பர் 25, வியாழன்

வானம் மூட்டம். மழை இல்லை.

காலையிலேயே காரில் வந்துவிட்டார்கள். ஓசூர் மாமா, ஓசூர் அத்தை. மாமா ஏதோ கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், அதிர்ந்து பேசமாட்டார். கார் அவரேதான் ஓட்டுகிறார். அத்தைக்கு முட்டிவலி. ரித்துவுக்கு ஒரு பொம்மை, ஸ்வெட்டர், ஒரு கூடை கமலா ஆரஞ்சு. ரித்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"அவ்வாகிட்ட வாடி தங்கம்" என்றார் அத்தை. அவர்கள் பக்கம் ஆயாவை அவ்வா என்பார்கள். ரித்து அசையவில்லை.

சாப்பாடு போட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். "மார்கழி மாசம் அத்தை. வீடு மாறுறது, புள்ளைய அனுப்புறது எல்லாம் இந்த மாசம் பண்ணமாட்டாங்க. தை பொறக்கட்டுமே."

"எங்க வூட்டுப் பொண்ணு எங்க வூட்டுக்கு வர்றதுக்கு மார்கழி என்ன, தை என்ன செல்வி?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். "லீவு முடிஞ்சா ஸ்கூல்ல சேர்க்கணும். சீட்டு சொல்லி வச்சிருக்குது."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வரதர் கோயில். லீவு கூட்டம். பல்லியைத் தொட வரிசை. மேலே தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. தொட்டால் பல்லி விழுந்த தோஷம் எல்லாம் போகும். தொட்டவரைத் தொட்டாலும் போகும் என்பதால், இந்த ஊர்க்காரி என்று தெரிந்தாலே என் கையைத் தொட்டுக் கும்பிட்ட வெளியூர்க்காரர்கள் உண்டு. ரித்துவுக்கு எட்டவில்லை. நான் தூக்குவதற்குள் மாமா தூக்கிவிட்டார். அவர் உயரம். அவள் பல்லியின் வால் வரைக்கும் தடவினாள். இறங்கியதும் ஓடிவந்து என் கன்னத்தில் கை வைத்து, "பெரிம்மா, உனக்கும் போயிடுச்சி" என்றாள்.

அடுத்து மாமாவுக்கு வைத்தாள். அப்புறம் யோசித்துவிட்டு அத்தைக்கும்.

டிசம்பர் 26, வெள்ளி

நல்ல வெயில். இடுப்பு வலி.

உத்திரமேரூர். சுவர் முழுக்கக் கல்வெட்டு. அந்தக் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்தது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கே கொட்டாவி வந்தது. ரித்து காலை மாற்றி மாற்றி நின்றாள். ஆஹா என்று இருந்தேன். பார்த்தால் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கல்லில் இழுத்துக்கொண்டிருக்கிறார். "இது என்னா எழுத்து, சொல்லு? எனக்கும் தெரியாது போ!" இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

அங்கிருந்து வேடந்தாங்கல். அது என் கணக்கில் இல்லை. மாமாவே போன் பார்த்து, பக்கம்தான் என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

ஏரி நிறைய தண்ணீர். மரம் பூரா நாரை, கூழைக்கடா. நாற்றம். சத்தம். ரித்து வாயைப் பிளந்துவிட்டாள். மாமா தோளில் உட்கார்ந்து பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மரத்தில் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. சுற்றிலும் ஏகப்பட்ட பறவை.

"தாத்தா, அதுல அதோட அம்மா எது?"

"எது தீனி குடுக்குதோ அதான் கண்ணு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இவர்கள் கெட்டவர்களாக இருக்கக் கூடாதா? ஒரு அதட்டல், ஒரு சுடுசொல் விட்டால் பிடித்துக்கொள்வேன். அதற்கும் வழியில்லை.

தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "அவ்வா" மட்டும் இன்னும் அவள் வாயில் வரவில்லை.

டிசம்பர் 27, சனி

வெயில். டிசம்பர் வெயில் என்றாலும் கல் கல்தான்.

திருப்பருத்திக்குன்றம். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்று தெரிந்தேதான் கூட்டிப்போனேன். எழுதவே கூசுகிறது. கூரையில் பழைய சித்திரம் இருக்குது, அப்படி இருக்குது, இப்படி இருக்குது என்று அத்தைக்கு ஆசை காட்டி, போய் நின்றால் பூட்டு.

செருப்பை முன்னாலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். கல் கொதித்தது. ரித்து ஒற்றைக் காலில் குதித்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். நான் நினைத்த மாதிரியே "வீட்டுக்குப் போலாம் பெரிம்மா" என்றும் சொன்னாள். கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், சிவந்து கிடந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அத்தை தன் முந்தானையை மடித்துக் கல்லில் போட்டு, "இதுமேல நில்லுடி" என்றார். தான் வெறுங்காலோடு நின்றார். முட்டிவலிக்காரி.

மதியம் மூன்று பேரும் தூங்கினார்கள். நான் டீச்சர் பிளவுஸ் முடித்தேன். கை ஒரு அளவு பெரிசாகிவிட்டது, பிரித்துத் தைக்க வேண்டும்.

சாயங்காலம் பாலாற்றுப் பாலம். இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறது. வேடிக்கை பார்க்க ஊரே அங்கேதான், மிளகாய் பஜ்ஜி வண்டி வேறு. மாமா போனைப் பார்த்துவிட்டு, "கைலாசநாதர் கோயில்தான் இந்த ஊர்லயே பழசுன்னு போட்டிருக்குதே. நாளைக்கு அங்க போலாமா?" என்றார். பஜ்ஜி வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்லமுடியாது.

அந்தக் கோயிலில் கருவறையைச் சுற்றிக் குறுகலான ஒரு வழி. இடது பக்கம் பொந்து மாதிரி வாசல். படுத்துத் தவழ்ந்து நுழைந்து, இருட்டில் சுற்றி, வலது பக்கப் பொந்து வழியாக வெளியே வர வேண்டும். வந்தால் மறுபடி பிறந்த மாதிரி. ஆனால் நுழைந்தவர் நுழைந்த வழியில் திரும்பக் கூடாது. கலா கல்யாணம் ஆன புதிதில் எல்லாருமாகப் போனோம். அவள் நுழைந்து, பாதியில் மூச்சு முட்டுது என்று திரும்பி வந்துவிட்டாள். தலையெல்லாம் தூசி. விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கலாவைத் தூக்கிப்போன அன்றைக்கு அம்மா சொன்னது ஒன்றுதான். "பாதில திரும்பனாளே, பாதில திரும்பனாளே." அம்மா சாகிற வரைக்கும் அதையே சொன்னாள்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்பேன். பொய். நம்புகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

மறுபடி பனி. போனோம்.

கூட்டம் இல்லை. புல்தரை ஈரம். மணற்கல் சிங்கங்களை ரித்து ஒவ்வொன்றாகத் தொட்டு "ஹாய்" சொன்னாள். மூக்கு உடைந்த சிங்கத்துக்கு மட்டும் இரண்டு தரம்.

உள்ளே போனதும் பொந்தைப் பார்த்துவிட்டாள். அவள் கிளாஸ் பையன் ஒருவன் போயிருக்கிறானாம். "நானும் போறேன், நானும் போறேன்." வேண்டாம்டி என்றேன். அழுகை. குருக்கள், "போகட்டும்மா, குழந்தைக்கு நல்லதுதான்" என்றார். அத்தைக்கும் ஆசை. தன்னால் முட்டியை மடக்க முடியாது என்று வலது பக்க வாசலில், வெளியே வருகிற இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டார். நான் இடது பக்கம். நடுவில் லிங்கம். அத்தை முகம் எனக்குத் தெரிகிறது, என் முகம் அவருக்குத் தெரிகிறது.

"போ, நான் இங்கியே இருக்கேன்" என்றேன். நுழைந்தாள். பாதம் இரண்டும் உள்ளே மறைந்தது.

கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம், "பெரிம்மா."

"போடி, போய்க்கினே இரு."

"இருட்டா இருக்குது."

"கொஞ்சந்தான். போ."

"பயமா இருக்குது. பெரிம்மா, நான் உன்கிட்டயே திரும்பி வரேன்."

படுத்துத் தலையை உள்ளே விட்டேன். அவள் மூச்சு கேட்டது. அழுகிறாள். கையை நீட்டினால் எட்டியிருப்பாள், இல்லையென்றால் நாலு தவழ் தவழ்ந்தால் வந்திருப்பாள். என்னிடம்தான் வருகிறேன் என்றாள். இத்தனை நாளாக எதைக் கேட்க ஊரெல்லாம் வெயிலில் இழுத்தடித்தேனோ அதைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொண்டு.

"வந்த வழியே வரக்கூடாதும்மா, சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

எனக்குக் கலாவின் தூசித் தலைதான் கண்ணுக்குள் வந்தது.

கத்திவிட்டேன். "திரும்பாதடி! திரும்பனா ஆவாது! இங்க வராத. அந்தப் பக்கம் போ. அவ்வா இருக்காங்க பாரு. அவ்வாகிட்ட போ!"

அப்புறம் அத்தை குரல், "வா தங்கம், இதோ அவ்வா கை, புடிச்சிக்கோ." தவழும் சத்தம் என்னை விட்டுத் தள்ளிப் போனது.

நான் எழுந்து அந்தப் பக்கம் போவதற்குள் வெளியே வந்துவிட்டாள். முகமெல்லாம் தூசி, அழுத கோடு. அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அவ்வா, அவ்வா" என்று ஒரே அழுகை. முதல் தரம் அப்படிக் கூப்பிடுகிறாள். அத்தையும் அழுதார். தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடாமல் இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் நாள் பூரா அவர் பக்கத்தில்தான். சாப்பிட்டது அவர் கையால். தூங்கியது அவர் பக்கத்தில். நான் இந்த அறையில் மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் பிடுங்கவில்லை. நானேதான் போ என்றேன். மறுபடி அப்படி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் ஆறவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

பனி இல்லை. குளிர் மட்டும்.

பைக்குள் வைத்தது: ஸ்வெட்டர், நான் தைத்த பாவாடைகள், இருமல் மருந்து, கலா போட்டோ, போர்வை (அது இல்லாமல் தூங்கமாட்டாள், அத்தையிடம் சொல்லியாச்சு). வெங்காயம் வாயில் தட்டினால் துப்புவாள். இடி என்றால் பயம். சொல்லியாச்சு, சொல்லியாச்சு. இன்னும் என்னவோ சொல்ல விட்டுப்போயிற்று.

அண்ணனும் வந்து நின்றார். மாமா பையை டிக்கியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "எப்ப வேணாலும் வாம்மா. இல்ல, போன் பண்ணு, நான் கூட்டிக்கினு வரேன்." நல்ல மனுஷன். நல்லா இருக்கட்டும்.

ரித்து அழவில்லை. அண்ணன் சொன்ன மாதிரியே. காரில் ஏறி உட்கார்ந்து, பொம்மைக்கு இடம் விட்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து முத்தம் கொடுத்தேன். அப்போதும் கழுத்து திரும்பவில்லை.

"பெரிம்மாவுக்கு டாட்டா சொல்லுடி" என்றார் அத்தை.

முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "திரும்பக் கூடாதுல்ல, பெரிம்மா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மாமா வண்டியை எடுத்துவிட்டார். "திரும்பலாம்டி, இதுக்குத் திரும்பலாம்டி கண்ணு" என்று தெருமுனை வரைக்கும் ஓடினேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. அண்ணன், "தெருவுல என்னம்மா இது" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

சாயங்காலம் போன் செய்தேன். ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. அத்தைதான் பேசினார். வழியில் நன்றாகச் சாப்பிட்டாளாம். அப்பா கட்டிக்கொண்ட புதுச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். போனைக் கொடுங்கள் என்றேன். தயங்கினார்.

"வேணாங்குது செல்வி. பேசினா திரும்பன மாதிரி ஆயிடுமாம். பெரிம்மா சொன்னாங்கன்னு சொல்லுது. இது என்னான்னு எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது.

சாப்பிடவில்லை. அவள் மிதித்த கோலத்தின் காவி இன்னும் வாசலில்.

டிசம்பர் 30, செவ்வாய்

பனி. முதல் பஸ்.

கைலாசநாதர் நடை திறக்கும்போதே போய் நின்றேன். அதே குருக்கள். என்னை ஞாபகம் இருக்கிறது, "குழந்தை எங்கம்மா?" என்றார். ஊருக்கு என்றேன்.

நுழைந்தேன். உடம்பு பெருத்துவிட்டது, தோள் உரசியது. உள்ளே ஈரக்கல், வௌவால் வாடை. பாதி போயிருப்பேன். எதிர்ப்பக்கம் லேசாக வெளிச்சம் தெரிந்தது. போய்விடலாம், சுலபம். அங்கேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. கலா இங்கேதான் இருந்து திரும்பியிருப்பாள். வருவது வரட்டும் என்று பின்பக்கமாகவே ஊர்ந்து வந்த வழியில் வெளியே வந்தேன். முழங்கை சிராய்ப்பு.

குருக்கள் பதறிவிட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தெரிஞ்சேதான் சாமி."

புல்தரையில் உட்கார்ந்து மாமா போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "ரித்து, பெரிம்மாடி. இப்பதான் அந்த வழியில போய்ப் பாதில திரும்பி வந்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல பாரு. திரும்பலாம். யாரு வேணாலும் திரும்பலாம். பெரிம்மா தப்பா சொல்லிட்டேன். என்கிட்ட பேசு."

வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மஞ்சள் வைத்தேன். டீச்சர் பிளவுஸ் கை பிரித்தேன். போனைத் திருப்பி வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

மதியம் பதில் வந்தது. ரித்து குரல். தேம்பித் தேம்பி, பாதி வார்த்தை புரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

"பெரிம்மா, ஏன் திரும்பன? ஆவாதுன்னு நீதானே சொன்ன. மறுபடி உள்ள போ பெரிம்மா. பயப்படாத. கொஞ்சந்தான். அந்தப் பக்கம் வா. நான் இருக்கேன் பாரு."

ஆரணிக்காரம்மா வந்துவிட்டாள். கொக்கி இன்னும் வைக்கவில்லை.